எதிரில் வருபவரின் பக்கம்

துறைமுகச் சாலையில் அவரைப் பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்றை ஓட்டுநர் இறங்கிப் போய்விட, தாமே ஏறி ஒற்றைக் கையால் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார் என்பது ஒன்று. சுங்க அதிகாரி ஒருவரை எழுப்பிவிட்டு அவருடைய நாற்காலியில் அமர்ந்துகொண்டார் என்பது மற்றொன்று. முதலாவது நடந்திருக்க இயலாது. இரண்டாவது நடந்திருக்கக் கூடியதே. ஆயினும் கண்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஆகவே இரண்டையும் விலக்குகிறேன். இங்கு நான் எழுதுபவை என் கண்முன் நிகழ்ந்தவை. அல்லது ஒருவர் சொல்ல, உடனிருந்த மற்றவர் மறுக்காதவை. பேச்சை நினைவிலிருந்து எழுதுகிறேன். சொற்கள் முன்பின் ஆகியிருக்கலாம், பொருள் பிறழவில்லை. இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு ஒன்றை நம்புவதை அவர் அளவுக்கு வெறுத்தவரை நான் அறியேன். அவரைப் பற்றி எழுதும்போது அந்த ஒழுங்கை மீறுவது தகாது.

பெயரை எழுதவில்லை. துறைமுகத்தில் அனைவருக்கும் அவர் அக்கா, அது போதும்.

பெரியதாழையில் பிறந்தவர், தந்தை கடலுக்குப் போனவர். கப்பலில் வந்திறங்கும் சரக்குக்குரிய சுங்கத் தாள்களை முடித்து, அதை வெளியே எடுத்துக் கொடுக்கும் தொழிலை அவரும் அவருடைய தம்பியும் தூத்துக்குடியில் நடத்தி வந்தார்கள். அந்த அலுவலகத்தில் கடிதங்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். அவரைவிட எனக்கு வயது சற்றே கூடுதல். அதனால் என்னை அண்ணாச்சி என்றழைப்பார். தம்பி தூத்துக்குடி ஊருக்குள் குடியேறிவிட்டார். இவர் மட்டும் பெரியதாழையில் கடலைப் பார்த்த வீட்டை விடாமல், நாள்தோறும் தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு காலையில் வருவார், மாலையில் போவார். திருச்செந்தூர் வழியாகப் போகும் அந்தச் சாலைதான் தமக்குக் கிடைக்கும் தனிமை என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவர் தம்மைப் பற்றிச் சொன்னது குறைவு.

"இரிங்க, அங்கன போயிட்டு வாரேன்." இதுதான் அவர் வாயில் நான் மிகுதியாகக் கேட்ட தொடர். எங்கே போகிறார் என்று புதியவர்கள் விழிப்பார்கள். அவர் போவது எதிராளி நிற்கும் இடத்துக்கு. உருவகமாகச் சொல்லவில்லை, கால்களால் நடந்து போவார்.

ஒரு நாள் சரக்கு முற்றத்தில் லாரி ஓட்டுநர் ஒருவர் தூண் ஒன்றை இடித்துவிட்டார். சரக்கு எங்கள் வாடிக்கையாளருடையது. தரையில் மஞ்சள் கோடு தெளிவாக இருக்க, அதைத் தாண்டி எப்படி வந்தான் என்று வாடிக்கையாளர் கொதித்தார். ஓட்டுநர் கயத்தாற்றுக்காரர், கோடு தெரியவே இல்லை என்று சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போயிருந்தார்.

"கோடு இங்கன பளிச்சுன்னு இருக்கு. கண்ணு இல்லியா ஒனக்கு?" என்றார் வாடிக்கையாளர்.

"இரிங்க, அங்கன போயிட்டு வாரேன்" என்று சொல்லிச் சேலையைச் செருகிக்கொண்டு அக்கா லாரியில் ஏறினார். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். ஏறிய வேகத்தில் இறங்கினார். "தெரியல. பக்கக் கண்ணாடிக் கம்பி மறைக்குது. நீங்க வேணா ஏறிப் பாருங்க" என்றார். வாடிக்கையாளர் ஏறவில்லை. அடுத்த கப்பலுக்கு அவர் வேறொரு நிறுவனத்தைத் தேடிப் போனார் என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். கணக்கை முடிக்கும் கடிதத்தை எழுதியவன் நான்.

அலுவலகத்திலும் அப்படியே. எப்போதாவது திடீரென்று எழுந்து வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில்தான் மின்விசிறிக் காற்று அந்த நாற்காலிக்கு வருவதே இல்லை என்பதும், அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே கழிப்பறைக் கதவு தெரிகிறது என்பதும் வெளிப்பட்டன. "இத்தன வருசமா வாரவன் போறவன் எல்லாருக்கும் கக்கூசக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். எவனாவது ஒரு வார்த்த சொன்னியளா?" என்று எங்கள் எல்லாரையும் திட்டிவிட்டு, அன்று மாலைக்குள் மேசைகளை இடம் மாற்றினார்.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள் அவரைக் கொண்டாடத் தொடங்கியிருப்பார்கள். உடன்பிறந்தவருக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

தம்பியின் திருமணப் பேச்சு நடந்தபோது நானும் போயிருந்தேன். பெண் வீட்டார் ஒரு வரிசை, மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசையாக அமர்ந்திருந்தோம். திருமணத்துக்குப் பிறகு பெண் தன் ஆசிரியர் வேலையை விட்டுவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். பெண்ணின் தாய் தலை குனிந்தார். அக்கா எழுந்தார். வழக்கமான தொடரைச் சொன்னார். நடுவிலிருந்த வெற்றிடத்தைக் கடந்து போய்ப் பெண்ணின் தாயருகே உட்கார்ந்தார். அங்கிருந்து எங்களைப் பார்த்து, "இங்கன இருந்து பாத்தா நீங்க எல்லாரும் போலீஸ் ஸ்டேசன்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கிய" என்றார். பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள். திருமணம் நடந்தது, பெண் இன்றும் ஆசிரியராக இருக்கிறார். ஆனால் அன்று திரும்பும் வழியில் தம்பி என்னிடம் சொன்னதையும் எழுதியாக வேண்டும்.

"எல்லாரு பக்கமும் போய் நிக்கா. நல்லதுதான் அண்ணாச்சி. எம் பக்கம் நிக்கதுக்கு யாரு இருக்கா?"

அக்காவோடு வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கலக்கம் ஏதேனும் ஒரு நாளில் வந்திருக்கும். நம்மருகே நிற்பவர் எந்த நொடியில் எழுந்து எதிர்வரிசைக்குப் போவார் என்பது தெரியாது.

அக்காவின் கார் இடித்தது ஐப்பசி மழைக்காலத்தில். ஆத்தூருக்கு அப்பால், வாழைத்தார் ஏற்றிய சிறிய லாரி ஒன்று பின்விளக்கு இல்லாமல் சாலையோரத்தில் நின்றிருந்தது. பொழுது சாய்ந்து சற்று நேரமே ஆகியிருந்தது. எதிரே வந்த பேருந்தின் வெளிச்சத்தில் கண்கூசி, லாரியை மிக அருகில் வந்த பிறகே கண்டார். திருப்பினார், ஆயினும் காரின் இடப்பக்கம் லாரியில் உரசிக் கிழிந்தது. லாரிக்குப் பின்னால் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் வாய்க்காலில் குதித்துத் தப்பினார். அவருக்கு அடி இல்லை.

மறுநாள் தம்பி முடிவோடு வந்தார். "டிரைவர் ஒருத்தன வச்சிருவோம்க்கா. இனும நீ இருட்டுல ஓட்ட வேண்டாம்."

"வெளக்கு மங்கலா எரியுதுலே. கண்ணாடி மஞ்சளாப் போச்சு. நான் என்ன செய்ய?"

"டிரைவர் வச்சா என்ன கொறஞ்சிருவ?"

"பின்னால உக்காந்து போறதுக்கு நான் என்ன சரக்கா?"

வாக்குவாதம் நீண்டது. டிரைவர் வேண்டாமென்றால் தூத்துக்குடியிலேயே வீடு பார்க்கட்டும் என்றார் தம்பி. பெரியதாழையை விடுவதைவிடக் கடலில் இறங்குவேன் என்றார் அக்கா. இறுதியில் அவரே உடன்படிக்கை சொன்னார்: "ஹெட்லைட்ட மாத்துதேன். மாத்தியும் சரியா வரலன்னா சாவிய நீயே வச்சிக்க. அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்." தம்பி என்னைச் சாட்சியாகப் பார்த்தார். அந்தச் சாவியோடு அக்காவின் மாலைப் பயணங்களும் அந்த வீடும் சேர்ந்தே போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் மைல் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் இருந்தார். ஊர் இளைஞர்களின் கார்களுக்கெல்லாம் எச்.ஐ.டி. விளக்குப் போட்டுக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். அந்த விளக்கில் இழை கிடையாது. குமிழுக்குள் அடைத்த வாயுவில் மின்பொறி நின்று எரியும். பழைய பல்பைவிட வெளிச்சம் பல மடங்கு. எலக்ட்ரீசியன் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். நாலாயிரத்து முந்நூறு கே, ஆறாயிரம் கே, எட்டாயிரம் கே.

"எட்டாயிரம் போடுங்கக்கா. பட்டப்பகல் மாதிரி இருக்கும். ஆறாயிரம்லாம் இப்ப சின்னப் பயலுவகூடப் போடமாட்டானுவ."

"கேன்னா என்ன?"

"பவருக்கா."

அக்கா பெட்டியைத் திருப்பி அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். வாழ்நாளெல்லாம் பெட்டிகளின் பக்கவாட்டைப் படித்தே தொழில் செய்தவர். "இது நெறத்துக்கு உள்ள கணக்குலா? நெறத்தப் போயிப் பவருங்கிய."

"இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கலக்கா. நீங்கதான் கேக்கிய" என்றார் எலக்ட்ரீசியன். அவரிடம் வெட்கம் இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது. அந்த ஊரில் எட்டாயிரம் போட்டவன் ஆறாயிரம் போட்டவனை ஏளனம் செய்து திரிந்தது இந்த ஒரு பிழையால்தான்.

அக்கா அதோடு விடவில்லை. கடைக்குப் பின்னால் இருட்டான தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் கருந்தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். மூன்று விளக்குகளையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். எட்டாயிரம் நீலமாக மின்னியது; ஈரத்தரையில் விழுந்ததும் காணாமல் போயிற்று. நாலாயிரத்து முந்நூறில் அழகு இல்லை. ஆனால் தரையில் கிடந்த ஆணிகூடத் தெரிந்தது. "மழையில எனக்கு ஆணிதான் வேணும்" என்றார்.

இத்தகைய மாற்றத்துக்குச் சட்டம் இடம் தருகிறதா என்று போக்குவரத்து அலுவலகத்தில் அவர் விசாரித்தார். விசாரித்தது எனக்குத் தெரியும்; என்ன விடை கிடைத்தது என்பது தெரியாது.

பழைய விளக்குக் கூட்டுக்குள்ளேயே புதிய பல்பைப் பொருத்திய மாலையில், உப்பளத்தை ஒட்டி, சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள் இருந்த சாலைக்குப் போனோம். அங்கே போக்குவரத்து இல்லை. முடிவில் வெள்ளையடித்த நீண்ட சுவர். சூரியன் மறைந்ததும் விளக்கைப் போட்டார்கள். சாலை முழுவதும் பால் ஊற்றியதுபோல் இருந்தது. தம்பிகூட வாய்விட்டுப் பாராட்டினார்.

"இரிங்க, அங்கன போயிட்டு வாரேன்."

தம்பியின் காரை எடுத்துக்கொண்டு சாலையின் மறுமுனைக்குப் போனார். அங்கிருந்து எங்களை நோக்கி மெல்ல ஓட்டிவந்தார். பாதி வழியில் வண்டி நின்றது. இறங்கி, முழங்கையால் கண்ணை மறைத்தபடி நடந்துவந்தார்.

"இது வெளக்கு இல்ல. கண்ணுல விழுத அடி."

"எதிர்ல வாரவனுக்குக் கூசுனா ஒதுங்கிப் போவான்க்கா. நமக்கு ரோடு ஃபிரீ" என்றார் எலக்ட்ரீசியன்.

"எங்க ஒதுங்குவான்? ஓரத்துல உப்பு மூட்ட வச்சி சைக்கிள் தள்ளிக்கிட்டு ஒருத்தன் போவாம்லா, அவன் மேல ஒதுங்குவான். அன்னைக்கு அந்த பஸ்சுக்காரன் எனக்குச் செஞ்சத நான் இன்னொருத்தனுக்குச் செய்யவா? கழத்துங்க."

கழற்றினார்கள். பழைய கூடு பழைய பல்புக்காகச் செய்யப்பட்டது. புதிய பல்பை வைத்தால் வெளிச்சம் கட்டுக்கடங்காமல் மேலெல்லாம் சிதறும். வெளிச்சத்துக்கு எல்லை வேண்டுமானால் முன்னால் குவிவான கண்ணாடி வில்லையும், அதற்குப் பின்னே மேல்பாதியை மறைக்கும் தகடும் வேண்டும். அந்த அமைப்பை வரவழைத்துப் பொருத்தினார் எலக்ட்ரீசியன். இப்போது வெள்ளைச் சுவரில் விளக்கைக் காட்டினால் கீழே வெளிச்சம், மேலே இருட்டு; நடுவே கத்தியால் அறுத்ததுபோல் ஒரு கோடு. எலக்ட்ரீசியன் அதைக் கட்-ஆஃப் என்றார். அக்கா அதைக் கரை என்றார். சேலைக்குக் கரை போல, வெளிச்சத்துக்குக் கரை. அந்தச் சொல் அன்றே கடையில் ஒட்டிக்கொண்டது; அதன் பிறகு அங்கே வந்த இளைஞர்கள், "கரை வச்சதா, கரை இல்லாததா?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் சோதனையிலும் அக்கா கண்ணை மறைத்துக்கொண்டுதான் இறங்கினார். எலக்ட்ரீசியன் சலித்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தவர், தலையில் கை வைத்தார். இந்த வகை விளக்கில் கரை ஒரு பக்கம் சற்று மேலேறியிருக்கும். நம் நாட்டில் அது இடப்பக்கம் ஏற வேண்டும், ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக. வந்திருந்த வில்லை வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்குச் செய்தது. கரை வலப்புறம் ஏறி, நேராக எதிரே வருபவர் கண்ணில் போய் நின்றது.

"கப்பல்ல எத்தன சரக்கு எறக்கியிருக்கேன். எந்த ஊரு சரக்குன்னு பாக்காம எறக்குன மொத சரக்கு இதாம்லே" என்று அக்கா தம்மையே திட்டிக்கொண்டு சிரித்தார். அவர் உற்சாகம் குன்றவில்லை. குன்றியது தம்பியின் பொறுமைதான்.

மூன்றாவதாக வந்த வில்லை சரியானது. எலக்ட்ரீசியன் சுவரில் அளந்து அளந்து திருகி, இரு விளக்குகளின் கரையும் ஒரே மட்டத்தில் நிற்கச் செய்தார். இடப்புறம் ஏறுவது ஏறியது. மற்றது படிந்து கிடந்தது. பார்க்க அழகாகவே இருந்தது.

"இதுக்கு மேல ஆண்டவரே வந்தாலும் கொற சொல்ல முடியாதுக்கா. எதிர்ல போய்ப் பாக்கவே வேண்டாம்" என்றார் எலக்ட்ரீசியன்.

"பாத்தாச்சில்லா, வீட்டுக்குப் போவோம்" என்றார் தம்பி.

அக்கா தம்பியின் காரில் ஏறி மறுமுனைக்குப் போனார். திரும்பி வந்தார். இம்முறை வண்டி பாதி வழியில் நிற்கவில்லை. ஆனால் மிக மெதுவாக, சாலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு வருவதுபோல் வந்தது. இறங்கினார்.

"கூசுது."

"இருக்காதுக்கா!"

"கூசுதுங்கேன். நீ போய்ப் பாரு."

எலக்ட்ரீசியன் போய் வந்தார், கூசவில்லை என்றார். தம்பி போய் வந்தார். "தெளிவா இருக்கேக்கா, எனக்கு ஒண்ணும் செய்யல" என்றார். அக்கா என்னையும் அனுப்பினார். எதிரே இரண்டு விளக்குகள், அவ்வளவுதான். அவற்றின் வெளிச்சம் என் மார்புக்குக் கீழேயே நின்றது. அதை அப்படியே சொன்னேன்.

அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சுவரின் பக்கம் திரும்பி எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்.

"கரை எங்க இருக்கு? வெரல வச்சிக் காட்டுங்க."

அவர் ஓடிப்போய்ச் சுவரில் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

அக்கா நெடுநேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எனக்கு வெரல்தான் தெரியுது. கரை தெரியல. சேல நனைஞ்சி சாயம் எறங்குன மாதிரி மேல பூராம் கலங்கிக் கெடக்கு" என்றார். சரக்கில் என்ன குறை என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் அதே குரல். தம் காருக்குப் போய் விளக்கை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டு வந்து தம்பியிடம் நீட்டினார்.

தம்பி வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெளக்குதான்க்கா சரியில்ல. எனக்கும் கூசத்தான் செஞ்சிது."

"இப்பந்தான தெளிவா இருக்குன்ன?"

"அப்ப சரியாப் பாக்கல."

எலக்ட்ரீசியனும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டார். "ஆமாக்கா, இன்னும் ஒரு திருகு எறக்கி வச்சிரலாம். எனக்கும் லேசா என்னமோ பண்ணுச்சி."

தம்பியின் கண்கள் கலங்கியிருந்தன. டிரைவர் வை என்று மாதக்கணக்கில் சண்டையிட்டவர், வென்ற நொடியில் அந்த வெற்றியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அக்கா அவருக்கு மிக அருகில் வந்தார்.

"நான் உம் பக்கம் நிக்கலன்னு எத்தன நாளு சண்ட போட்டிருப்ப. இன்னைக்கு நீ எம் பக்கம் நிக்காதலே. எதிர்ல வாரவன் பக்கம் போய் நில்லு."

பின்னால் கட்டியிருந்த கையைத் தாமே பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்து, சாவியை வைத்து மூடினார். அன்று பெரியதாழை வரை தம்பியே ஓட்டினார். அக்கா முன்னிருக்கையில் அமர்ந்து, கியரை மாற்றச் சொல்லி வழி நெடுகத் திட்டிக்கொண்டு போனார் என்று தம்பி சொல்ல, அக்காவும் மறுக்கவில்லை.

இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்ததாக மருத்துவர் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டுக்கும் அறுவை நடந்தது. குணமாகி மருத்துவர் அனுமதித்த பிறகும் தம்பி சாவியை உடனே கொடுத்துவிடவில்லை. அதே கிட்டங்கிச் சாலையில், அதே மாலைப்பொழுதில், அக்காவைத் தம் காரில் உட்கார வைத்துவிட்டு, அக்காவின் காரைத் தாமே எதிரே ஓட்டிவந்தார். இறங்கி வந்து, "எப்படிக்கா?" என்றார்.

"எறங்கிட்டல்லா? சாவியக் குடு. இருட்டப் போவுது, ஊருக்குப் போவணும்" என்றார் அக்கா.

நான் அறியாதது ஒன்று இருக்கிறது. மூன்றாம் சோதனை தேவையில்லை என்று எலக்ட்ரீசியன் சொன்னார், தம்பி சொன்னார், சுவரைப் பார்த்த எனக்கும் அதுவே தோன்றியது. அப்படியிருந்தும் அக்கா வண்டியில் ஏறினார். குறை தம் கண்ணில்தான் என்று ஐயுற்று, சாவி கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே ஏறினாரா? வழக்கம் போல ஏறி, வழியில்தான் அறிந்தாரா? நான் கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.